விழும் பந்துக்கு நான் கீறிய படம்

அன்புள்ள சரோ,

உம்மை "இஞ்சாரும்" என்று கூப்பிட்டே நாற்பத்திரண்டு வருடம் போய்விட்டது. பெயரை எழுதும்போது யாரோ மூன்றாம் ஆளுக்கு எழுதுவது போல இருக்கிறது. ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகையில் உம்முடைய படத்தையும் நாலு வரியையும் போடலாம் என்று மகள் சொன்னாள். நான் கடிதமாக எழுதித் தருகிறேன் என்றேன். உம்மிடம் விளையாடிய பிள்ளைகளும் வாசிக்க வேண்டிய விடயம் ஒன்று இதில் இருக்கிறது.

வீட்டில் புதிதாக அதிகமில்லை. கிணற்று மோட்டரை மாற்றியாயிற்று. உம்முடைய விசில் இன்னும் அலுமாரிக் கொளுக்கியில்தான் தொங்குகிறது. எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறதாம்; இரவில் புட்டைக் குறைத்திருக்கிறேன்.

போன மாதம் உம்முடைய பள்ளிக்கூடத்தின் புதிய விளையாட்டு ரீச்சர் வந்தா. மறுபடி சொஃப்ட்போல் தொடங்குகிறார்களாம். பந்து எறிவது பற்றி நீர் எழுதி வைத்த நீலக் கொப்பியைக் கேட்டா. "ஒரு கிழமை தாங்கோ பிள்ளை, சரி பார்த்துத் தாறன்" என்றேன். சரி பார்க்காமல் ஒன்றைக் கொடுக்க எனக்கு வராது. உமக்குத் தெரியும்.

கொப்பியின் நடுவில் நான் கீறிய மூன்று படங்கள். ஞாபகம் இருக்கிறதா? நீர் வலைப்பந்து விளையாடி வந்தவர். சொஃப்ட்போலையும் உம்முடைய தலையில் கட்டினார்கள். மூன்று நாள் பயிற்சியும் சில போட்டோக்கொப்பித் தாள்களும்தான் உமக்குக் கிடைத்தவை. "இஞ்சாருங்கோ, பந்து எப்பிடிச் சுத்தவேணும் எண்டு ஒருக்கா வடிவாக் கீறித் தாங்கோ" என்று தாள்களை என் மேசையில் வைத்தீர்.

கையை முழுவட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து விடும் எறிதல் அது. விடும் கணத்தில் விரல்கள் கொடுக்கும் சுழற்சிதான் பந்தின் பாதையை மாற்றுகிறது. பந்தில் அடிப்பவளைப் பார்க்கும் முகம் கீழ்நோக்கிச் சுழன்றால் அவளுக்கு முன்னால் அது சட்டென்று இறங்கும். மேல்நோக்கிச் சுழன்றால் இறங்கத் தயங்கும். பக்கவாட்டில் சுழன்றால் வளையும்.

மேல்நோக்கிச் சுழல்வதை நீர் "எழும்பிற பந்து" என்றீர். கணக்குப்படி அது எழும்புவதில்லை, நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக விழுகிறது, அவ்வளவுதான் என்றேன். "அதை அடிக்கிறவளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்றீர்.

படம் என்றால் ஒரு வட்டம், அதற்குள் ஓர் அம்பு. மூன்றுக்கும் ஐந்து நாள் எடுத்தேன். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படம் கீறியவன் நான். எங்கிருந்து பார்த்துக் கீறியது என்று மூலையில் குறிக்காத படத்தை அங்கே ஒருவரும் கையில் வாங்கமாட்டார்கள். உமக்குக் கீறியதில் அதைக் குறிக்கவில்லை. வீட்டுப் படம்தானே என்று நினைத்திருப்பேன்.

இந்த முறை சரி பார்க்க, ஒரு தோடம்பழத்தில் ஈர்க்குக் குத்தி மகளைச் சுழற்றச் சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி நடந்தேன். "அப்பா, பழத்தைத் தின்னப் போறியளோ, சுத்திக் கும்பிடப் போறியளோ?" என்று கேட்டாள். ஈர்க்கு நேராக நின்றால், அதாவது வளையும் பந்து என்றால், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் முகம் வலப்பக்கம்தான் போகிறது. மற்ற இரண்டு பந்துக்கும் ஈர்க்கைக் குறுக்கே படுக்கவைத்தால் அப்படியில்லை. இந்தப் பக்கம் கீழே இறங்குகிற முகம், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் மேலே ஏறுகிறது.

மூன்று தரம் சுற்றி நடந்து பார்த்தேன்.

நான் கீறியது, எறிபவளுக்கு நேர் எதிரே, பந்து பிடிப்பவளின் பக்கத்திலிருந்து. பயிற்சி பார்க்க வந்தால் அவளுக்குப் பின்னால், கம்பி வலைக்கு அப்பால்தானே இருப்பேன். வேறு இடத்தில் இருந்தால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள். நீர் படத்தை எறிபவளின் கையில் கொடுத்தீர். அவள் தன் கண்ணுக்குத் தெரிந்த முகத்தைக் கீழே உருட்டினாள். அப்படி உருட்டினால் வருவது விழும் பந்து அல்ல, விழத் தயங்கும் பந்து. வளையும் பந்து சரியாக வந்தபடியால் மற்ற இரண்டையும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

ஒருத்தியைத் தவிர. குருநகர் ஜெசிந்தா. அவள் விரல்களைப் பந்தின் பின்னால் மேலே இழுத்து விட்டாள். "படத்தைப் பார் பிள்ளை, கீழை சுத்துது. நீ மேலை இழுக்கிறாய்" என்று எத்தனை தரம் சொன்னீர். அவள் மாற்றவில்லை. வவுனியாவில் நடந்த மாகாணப் போட்டிக்கு முந்தின கிழமை, எல்லாருக்கும் முன்னால், "சொல்வழி கேளாத பிள்ளை எனக்கு வேண்டாம்" என்று அவளை அணியிலிருந்து நிறுத்தினீர். அவளுடைய இடத்தில் எறிந்த பிள்ளையின் பந்துகள் இடுப்பு உயரத்தில் தயங்கிப் போயின. எதிரணி ஒவ்வொன்றாக அடித்தது.

ஜெசிந்தாவின் பந்து என் கண்ணுக்கு முன்னால் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன், சரோ. வேகம் காணாது, அதுதான் விழுகிறது என்றீர். நான் என் கண்ணை நம்பவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

போன செவ்வாய்க்கிழமை பஸ் எடுத்துக் குருநகருக்குப் போனேன். அவள் இப்போது மீன்வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் நின்றே வாசித்தேன்.

"சேர், உந்த வெயிலுக்கை நிண்டு என்ன வாசிக்கிறியள்? உள்ளை வாங்கோ" என்றாள். சோடா உடைத்துத் தந்தாள். "படம் பிழை எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பிடிப் பிள்ளை?"

"பந்து விழுந்தது தானே, சேர்."

ரீச்சரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொல்லாமல்? சொன்னனான். 'என்ரை மனுசன் ஒரு கோடு கீற ரெண்டு நாள் யோசிக்கிற ஆள். அவர் கீறினது பிழைக்காது' எண்டிட்டா. எனக்கெண்டால் உங்களிலைதான் கோவம். ஆரப்பா உந்த மனுசன் எண்டு பார்த்தால், கம்பிக்குப் பின்னாலை குடையும் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்!"

அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு அவள் வலையில் கட்டும் உருண்டை மிதவை ஒன்றை எடுத்து, கையை ஒரு சுற்றுச் சுற்றி, கடையின் மறுகரையில் குவிந்திருந்த வலையை நோக்கி விட்டாள். அது பாதித் தூரம் நேரே போய்த் தலை குனிந்து இறங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

உடற்கல்விக் கல்லூரி நேர்முகத்துக்குப் போனாளாம். மாகாணப் போட்டியில் விளையாடிய சான்றிதழைக் கேட்டார்களாம். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாளாம். அதை அவள் மீன் விலை சொல்வது போலத்தான் சொன்னாள். நான் தாளை மடித்தேன்.

கந்தோரில் மூன்று பேர் சரி பார்த்த பிறகுதான் என் படத்தில் நான் கையெழுத்து வைப்பேன். நீர் ஒரு தரமும் சரி பார்க்கவில்லை. உமக்கு என்னில் அவ்வளவு நம்பிக்கை என்று உயிரோடு இருக்கும்போதே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பயந்துபோய் நானே இன்னொரு தரம் பார்த்திருப்பேன்.

வெளிக்கிடும்போது, நான் என்ன செய்ய வேண்டும் என்று அவளைக் கேட்டேன். "எனக்கு இனி என்னத்துக்குச் சேர்?" என்றாள். சோடாப் போத்தலை எடுத்து வைத்தபடி, "நான் சொல்வழி கேளாதவள் இல்லை எண்டு ரீச்சருக்குத் தெரிஞ்சால் காணும். அது இனி நடக்கிற காரியமே?" என்றாள்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். ஜெசிந்தா சொல்வழி கேளாதவள் இல்லை, சரோ. அவளுடைய பந்து விழுந்தது. படம்தான் பிழை, படம் என்னுடையது. அன்று மைதானத்தில் நின்ற மற்றப் பிள்ளைகளும் இதை வாசிக்கட்டும்.

பழைய படத்தைக் கிழிக்க மாட்டேன். அதன் கீழே பிழையை எழுதிக் கையெழுத்து வைப்பேன். புதியதைக் கீறி, மூலையில் "எறிபவளின் பக்கத்திலிருந்து" என்று குறிப்பேன். கொப்பியைக் கொடுக்கும் நாளில் ஜெசிந்தாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். "கடையை ஆர் பாக்கிறது?" என்றாள், வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் வந்து எறிந்தால், நான் அன்றைக்குக் கம்பிக்குப் பின்னால் இருக்க மாட்டேன். எறிகிற பக்கம் போய், எல்லாரும் பார்க்க, நின்று பார்ப்பேன்.

நீர் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்ட
உம்முடைய மனுசன்