மாப்பிள்ளை என்ன செய்கிறார்?

வெள்ளவத்தை
03.06.2025

அன்பும் வாயும் நிறைந்த தங்கச்சி சுபோதினிக்கு,

சாப்பாட்டுக் கடை அண்ணன் எழுதுவது. பயிற்சி நடக்கிற இடத்தில் உங்கள் போன்களையெல்லாம் வாசலில் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறார்களாமே! பிள்ளைகளின் போனைப் பறிக்கிற டீச்சர்மாருக்கு நல்லா வேணும். அதனால்தான் சாப்பாட்டுக் கரியர் மூடிக்குக் கீழே இந்தத் துண்டு. ஓட்டோக்கார ரிப்கான் வெறும் கரியரை எடுக்க வரும்போது பதிலை வைத்து அனுப்பு. கத்தரிக்காய்ப் பால்கறி கீழ்த்தட்டில்.

இங்கிலீஷ் படிப்பிப்பது எப்படி என்று டீச்சர்மாருக்கே ஒரு பயிற்சி, அதுக்கு என் தங்கச்சியைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

சவுந்தரநாயகம் அண்ணா


பம்பலப்பிட்டி
03.06.2025

அன்பு அண்ணா,

ஊருக்கெல்லாம் சொன்னதை இனி எப்படித் திருப்பி எடுக்கப் போகிறீர்கள்? இன்று நான் கவிழ்ந்துவிட்டேன். ஒருவர் பாடம் எடுக்க, மற்ற டீச்சர்மார் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேணும். நான் கேள்வியும் கேட்டு, பதிலையும் நானே சொல்லிவிட்டேன். பயிற்சி தருகிற பஸ்லா மிஸ் எல்லாருக்கும் முன்னால், "கேள்வியக் கேட்டா வாய மூடிட்டு இருங்க மிஸ். புள்ள யோசிக்கட்டும். தடுமாறின உடனே தமிழ்ல தூக்கி விடாதீங்க" என்றா.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். அதில் தேறினால் மற்ற பள்ளிக்கூட டீச்சர்மாருக்கு நான் பயிற்சி கொடுக்கலாம். அதுக்கு உண்மையாகவே இங்கிலீஷ் தெரியாத பெரிய ஆள் ஒருவரை மாணவராகக் கூட்டி வரட்டாம். அந்தப் பாடத்திலிருந்து என் பேரை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

சுபோ


வெள்ளவத்தை
04.06.2025

என் வாயாடிக்கு,

பேரை எடுத்துப் பார், நாளைக்குக் கரியரில் பச்சைத்தண்ணிதான் வரும். பஸ்லா மிஸ் சொன்னது பொய்யோ? நான் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்று பெண்ணின் தகப்பன் என்னைக் கேட்க, "அண்ணா சொந்தமாக் கடை வச்சிருக்கிறார்" என்று நீதானே முந்தினாய்! நல்ல காலம், தாலியையாவது என்னைக் கட்ட விட்டாய்.

இங்கிலீஷ் தெரியாத ஆளைத் தேடித் தெமட்டகொடைவரைக்கும் அலையாதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற மாணவன் ஒருவன் இங்கே சும்மா இருக்கிறான்.

அண்ணா


பம்பலப்பிட்டி
05.06.2025

அண்ணா, வேண்டாம். அத்தனை டீச்சர்மாருக்கு முன்னால் நீங்கள் தடுமாறினால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. வாயைத் திறந்துவிடுவேன். உங்களைப் பார்த்து ஆரும் சிரித்துத்தான் எனக்குப் பதவி வருமென்றால், அந்தப் பதவியே வேண்டாம்.

சுபோ


வெள்ளவத்தை
06.06.2025

டீச்சர்மாரின் டீச்சருக்கு,

கரியருக்கு இன்றோடு ஓய்வு. ஆகவே ஹெந்தளையில் உன் வீட்டுக்கு முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். வேண்டாம் என்று நீ எழுதியும், நான் வெள்ளைச் சேட்டோடு முன்வரிசைக் கதிரையில் இருந்ததைக் கண்டதும் உன் முகம் போன போக்கு!

அரிசி, நெருப்பு, கடை என்று நீ காட்டிய படத்துக்கெல்லாம் வீரமாகச் சொன்னேன். பிறகுதான் கேட்டாய், "வட் டூ யூ டூ?" அதே பழைய "என்ன செய்யிறார்?" கேள்வி. விளங்கியது. பதிலுக்குத்தான் இங்கிலீஷைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆரோ சிரித்தார்கள். உன் உதடு அசைந்தது. முடிந்தது கதை, முந்தப் போகிறாள் என்று நினைத்தேன். நீ சேலைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, என் கண்ணையே பார்த்தபடி நின்றாய்.

அப்போதுதான் வந்தது: "ஐ குக். ஐ ஹாவ் ஷொப்."

எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். நான் தட்டியது உனக்கு. அந்த வாயை மூடி வைத்திருக்க உனக்கு என்ன பாடு என்று அங்கே என்னைத் தவிர ஆருக்குத் தெரியும்? தேறியவர்களில் பஸ்லா மிஸ் உன் பேரை வாசித்தபோது நான் எழும்பியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் மச்சாளுக்கும் சொன்னேன், "பெண் பார்த்த அன்று சொல்ல விடாததை இன்றைக்குச் சொல்லிவிட்டேன்" என்று. அவ சிரித்துக்கொண்டே அழுதா.

பதில் எழுத அவசரப்படாதே. யோசித்து எழுது. நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் முன்கதிரை மாணவன்
சவுந்தரநாயகம்