ரோஸம்மா அக்காவின் ஜன்னல்

1996 ஏப்ரல் 12, வெள்ளி

வானத்தில் ஏதோ தூளைத் தூவி வெயிலைத் திருப்பி அனுப்பினால் பூமியையே குளிரவைக்கலாமாம். காலையில் ரேடியோவில் சொன்னார்கள். "அத நான் போன வாரமே செய்தாச்சு" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததிலிருந்து எங்கள் வீட்டில் புழுக்கமே இல்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு ரோஸம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். கண் ஆப்பரேஷன் முடிந்து வந்திருக்கிறாள். எங்கள் மாடியைப் பார்த்த மேலறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஜன்னலை அடைத்துவிட்டு வியர்வையில் நனைந்து படுத்திருந்தாள்.

"எதுக்குக்கா அடச்சுப் போட்டிருக்கு?"

"ஒங்க மாடியில வெயில் பட்டு வெட்டம் கண்ணுல குத்துது மக்கா. சாரமில்ல, அது கெடக்கட்டு. ஒங்களுக்கு உள்ள குளிர்ச்சி உண்டுல்லா?"

ஒரு வாரமாக அந்த ஜன்னல் மூடிக்கிடந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயிலுக்காக என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் மாடி முழுக்கத் தென்னோலை விரித்தேன். வானத்தில் தூவிவிட்டால் அதன்மேல் எதை விரிப்பார்கள்?

சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் "சாரமில்ல மக்கா" என்றுதான் சொல்லியிருப்பாள். நானும் அடித்திருப்பேன்.