கரிநாக்கன் என்று பழி சுமத்தி, கடை வாசலில் பூசணிக்காய் உடைப்போர் மீது புகார்

அனுப்புநர்:
க. சோலைராஜ், த/பெ. கருத்தையா,
தையல் கடை, சேத்தூர்,
இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
இராஜபாளையம்.

பொருள்: ஊர்க் கபடிக் குழு தோற்றதற்கு என் வாய்ச்சொல்லே காரணம் என்று கூறி, திருஷ்டி கழித்த பொருட்களைக் கடை வாசலில் கொட்டிப் பிழைப்பைக் கெடுப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சுதந்திர தினத்தன்று தளவாய்புரத்தில் நடந்த கபடி இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர்க் குழு ஒரு புள்ளியில் தோற்றது. கடைசியாகப் பாடிப் போனவன் வீரணன். முழங்காலில் கட்டோடு போனான். பதற்றத்தில், "ஏலே வீரணா, திரும்பிருலே, பிடிச்சிருவானுக!" என்று கத்தினேன். பிடித்துவிட்டார்கள். நான் செய்த குற்றம் இவ்வளவே.

2. குழுச் செயலாளர் சங்கிலிப்பாண்டி, நான் கரிநாக்கன் என்று மைதானத்திலேயே அறிவித்தார். கால் வீங்கியவனை இறக்கியவர் அவர்; பழி மட்டும் எனக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

3. அன்று முதல் செவ்வாய், வெள்ளிதோறும் ஆட்டக்காரர்களுக்குச் சுற்றிய மிளகாயையும் உப்பையும் என் வாசலில் கொட்டி, பூசணிக்காயும் உடைக்கிறார்கள். கழிப்பை மிதிக்க அஞ்சி, தைக்க வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். நானே கூட்டி அள்ளினாலும், ஒருமுறை கழிப்பு விழுந்த வாசல் என்று ஒதுங்குகிறார்கள். தீபாவளி நெருங்குகிறது. தையல்காரனுக்கு அது ஒன்றுதான் அறுவடை.

4. வெட்கக்கேட்டையும் கேளுங்கள். அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு போட்டி. அங்கே வந்து எதிர்க் குழுவைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னால் கொட்டுவதை நிறுத்துவதாக, அதே சங்கிலிப்பாண்டி நேற்று ஆளனுப்பினார். மறுத்தேன். இன்று காலை இரண்டு பூசணிக்காய்.

5. ஐயா, சென்ற சித்திரையில் என் மனைவி சுடலைமாடத்தி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "ஒண்ணுமில்லட்டி, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிருவோம்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். புதன்கிழமையே இறந்துவிட்டாள். அவள் பாடையைத் தூக்கியவர்களில் சங்கிலிப்பாண்டியும் ஒருவர். அன்று பலிக்காத என் வாய், கபடிக்கு மட்டும் பலித்துவிட்டதா என்று அவரை அழைத்துக் கேளுங்கள்.

6. ஆகவே அவர்களை எச்சரித்து என் வாசலை மீட்டுத் தர வேண்டுகிறேன். தாமதமானால், அடுத்த செவ்வாய்க்கிழமைப் பூசணிக்காயைக் கூடையில் அள்ளித் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டு வருவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டத்துக்கும் போவேன். வீரணன் பாடிப் போகும்போது கத்துவேன். எனக்கு இனி வீட்டில் பேச ஆளில்லை. அங்கேயும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இடம்: சேத்தூர்
நாள்: 22.9.1989

இப்படிக்கு,
(ஒப்பம்) க. சோலைராஜ்