அடுத்த மாத ஆட்டம்

பூசாரிக்காடு,
ராசிபுரம் வழி.
16.4.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சௌந்திரம் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். வீட்டில் நங்கையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? சித்திரைக்கு வருகிறேன் என்று சொன்ன நங்கை வரவில்லை. அஸ்தம்பட்டிக்குக் குடி போனதும் ராசிபுரம் பஸ் எங்கே நிற்கும் என்பதே மறந்துபோச்சா என்று கேளுங்கள்.

நீங்கள் அச்சடித்துத் தபாலில் அனுப்பும் கிணற்று ஆட்டம் இங்கே அமர்க்களம்தான். எந்தக் காட்டில் என்ன விதைக்கிறோம், எங்கே கிணறு வெட்டுகிறோம் என்று நாங்கள் எழுதிப் போடுகிறோம். விளைந்ததா, காய்ந்ததா என்று மாதாமாதம் உங்கள் தாள் வருகிறது. போன தாளைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. கிழக்குக் கிணறெல்லாம் வற்றிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே பருத்தி வைத்தவள் நான். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஆடுகிறவர்களுக்கு முன்னாலேயே சொன்னால் என்ன? தெரிந்து தோற்றால் மனசு ஆறும்.

இவர் கவலை வேறு. ஆட்டத்தில் நீங்கள் போட்டிருக்கும் நிலப்படம் எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறதாம். "உங்கண்ணன் நிலத்தடித் தண்ணி ஆபீசுல படம் வரைஞ்சவரு. சும்மா எழுத மாட்டாரு புள்ள" என்கிறார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அன்புடன்,
சௌந்திரம்


அஸ்தம்பட்டி,
சேலம்-7.
25.4.1982

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் மருதாசலம் எழுதுவது. உன் நங்கைக்கு முழங்கால் வலி, அதனால்தான் வரவில்லை. பல்லாங்குழியில் என் குழியை எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு ஆடுகிறவள் நீ. இப்போதும் அதையே கேட்கிறாய்.

சொல்ல மாட்டேன் அம்மா. சொன்னால் அத்தனை பேரும் தண்ணீர் வரப்போகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அது மட்டுமில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது வாக்கு ஆகிவிடும். நீங்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் நான் மனசை மாற்றிக்கொள்கிறேன். அந்த வசதியை விட்டுக்கொடுத்துவிட்டு நான் எதற்கு ஆட்டம் நடத்த வேண்டும்?

படம் உங்கள் ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன். கரடும் ஓடையும் எனக்குப் பழகியவை என்பதால் அப்படியே போட்டேன். ஆபீசில் நான் செய்ததெல்லாம் யாரோ போட்ட கோட்டின் மேல் மை ஓட்டியதுதான். மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. கிணறு ஊறுமா வற்றுமா என்பதை நானும் அச்சுக் கோக்கிற பச்சமுத்துவும் டீ குடித்துக்கொண்டே புளியங்கொட்டை உருட்டி முடிவு செய்கிறோம். மாப்பிள்ளை சென்னியப்பனிடம் இதைச் சொல்.

அன்புடன்,
அண்ணன் மருதாசலம்


பூசாரிக்காடு
3.6.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்னேன். "தெரிஞ்சவன் அப்படித்தான் சொல்லுவான். கவருமெண்ட் ரகசியத்தை வெளிய விடுவாங்களா?" என்றார். நீங்கள் மறைக்க மறைக்க அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது.

மழை இல்லை. எங்கள் கிணற்றில் சேறுதான் மிச்சம். மாட்டுக்குக் காட்டத் தண்ணீர் இல்லாமல் இரண்டு உருப்படிகளை என் நாத்தனார் வீட்டுக்கு ஓட்டிவிட்டோம். போன வெள்ளிக்கிழமை இவர் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுக் கேட்டிருக்கிறார். வெள்ளைப்பூ, சிவப்புப்பூப் பொட்டலங்களோடு உங்கள் ஆட்டத் தாளையும் சாமி காலடியில் வைத்தாராம். பூசாரியே வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அண்ணா, ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். உங்கள் மனசில் இருப்பதை வெளியே வைத்துவிட்டால் இது வெறும் விளையாட்டு என்று அவருக்குப் புரிந்துவிடும். தெரியாமல் இருப்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டுகிறது.

அன்புடன்,
சௌந்திரம்


அஸ்தம்பட்டி
12.6.1982

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொல்வது சரிதான் என்று பட்டது. உனக்கு மட்டும் சொன்னால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்பதால், 'வரப்போவது' என்று தலைப்புப் போட்டு எல்லாருக்கும் அச்சடித்து அனுப்பிவிட்டேன். ஆவணித் தாளில் வடக்குக் காட்டுக் கிணறு ஊறும். அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வடக்கே இதுவரை எதுவும் நடக்கவில்லை, பாவம் அங்கேயும் நடக்கட்டுமே என்றுதான்.

மாப்பிள்ளை படித்துச் சிரித்தால் எனக்கு எழுது.

அண்ணன் மருதாசலம்


பூசாரிக்காடு
19.7.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரிக்கவில்லை. தாள் வந்த மறுநாளே எங்கள் வடக்குக் காட்டில் தேங்காய் உடைத்துக் கிணறு தோண்ட ஆரம்பித்துவிட்டார். சுண்ணாம்புக்கல்லும் பாறையுமாக இருக்கிற இடம். அவருடைய அப்பா காலத்தில் கலப்பைகூட இறங்கியதில்லை. வெடிமருந்துத் தோட்டா வைத்துப் பாறையை உடைக்கிறார்கள். கூலியாட்கள் திரி பற்றவைக்கத் தயங்கினால் இவரே இறங்குகிறார். மேல் மண் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டு மாரக்காள் பார்த்துவிட்டு வந்து அழுகிறாள், அவள் புருசனும் அங்கேதான் வேலை செய்கிறான்.

நான்தான் உங்களைச் சொல்லச் சொன்னேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். ஆனால் அவர் கீழே இருக்கும் நேரமெல்லாம் எனக்கு உயிர் உயிராக இல்லை. உங்கள் வாய்ச்சொல் எடுபடாது, அச்சில் வந்தால்தான் நம்புகிறார். வடக்கு வேண்டாம் என்று எப்படியாவது போட்டுவிடுங்கள்.

சௌந்திரம்


அஸ்தம்பட்டி
26.7.1982

அன்புத் தங்கைக்கு,

இங்கேயும் நான் பயந்தபடியே ஆயிற்று. ஆடுகிற அத்தனை பேரும் வடக்கே போய்க் குவிந்துவிட்டார்கள். ஆட்டம் செத்தது. அது கிடக்கட்டும்.

ஆவணித் தாளை மாற்றிக் கோத்துவிட்டோம். வடக்குக் காட்டுக் கிணறு சரிந்து, அதன் உடைமைக்காரர் அதில் புதைந்து உயிர் விடுகிறார் என்று வருகிறது. பச்சமுத்து அந்த எழுத்துகளை அடுக்கமாட்டேன் என்றான். நானே அடுக்கினேன். மாப்பிள்ளையைப் பயமுறுத்துகிறோமே என்று மனசு குறுகுறுக்கத்தான் செய்கிறது, ஆனாலும் பயந்தாவது மேலே ஏறி வரட்டும். முதல் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கையோடு காட்டிவிடு. உடனே பதில் போடு.

அண்ணன் மருதாசலம்


பூசாரிக்காடு
9.8.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

தாளைக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டிலேயே கொடுத்தேன். படித்தார். ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மறுநாளும் போகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். உங்களுக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்னைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி ராசிபுரத்துக்குக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கிக் கொடுத்தார், கல்யாணமான நாளிலிருந்து வாங்கித் தராத மனுஷன். பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸில் வடக்குக் காட்டை என் பெயருக்கு எழுதி வைத்தார். எதற்கு இப்போது என்று கேட்டேன். "உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும் சாமி" என்றார். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் இறங்கும்போது முகம் வெளிறியிருக்கும். இப்போது பீடியை வாயில் வைத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு நிம்மதியோடு இறங்குகிறார். என்னை வீட்டில் இருக்க விடுவதில்லை. உடைமைக்காரி மேட்டில் நிற்க வேண்டுமாம். விரிசல் விட்ட பக்கத்தில்தான் எனக்கு நிழல் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு அழுகைகூட வரவில்லை அண்ணா. இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்குத்தான் சோறு போட்டேன்.

அஸ்தம்பட்டிக்கு வந்துவிடு என்று எழுதுவீர்கள். இன்னொரு தாள் அடிக்கிறேன் என்பீர்கள். அடிக்க வேண்டாம். நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரு வழி இருக்கும். அடுத்து என்ன என்று நானும் இனிமேல் உங்களைக் கேட்கமாட்டேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டு ஆட்டத்தையும் இதிலேயே எழுதிவிடச் சொல்கிறார். தபால் தவறிவிடக் கூடாதாம்.

ஆவணி மாத ஆட்டம்: சென்னியப்பன் வடக்குக் காட்டையும் கிணற்றையும் விட்டுக்கொடுக்கிறார். உடைமைக்காரர் பெயர் சௌந்திரம்.