பச்சைத்தலை வாத்து

என்னங்க,

ஆஸ்பத்திரிக் குளத்தில் நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்களே, அந்தப் பச்சைத்தலை வாத்தை இன்று காணோம். பழுப்பாக இரண்டு பெட்டைகள்தான் நின்றன. துணையை விட்டுவிட்டுப் பறந்துவிட்டதே என்று எனக்குக் கோபமான கோபம்.

தோட்டக்காரர் சிரித்தார். “எங்கேயும் போகலம்மா. அதுல ஒண்ணு ஆண்தான். இறகு கொட்டியிருக்கு, இப்போ பறக்கவும் முடியாது. ரெண்டு மூணு மாசத்துல பச்சை தானா வந்துடும்.”

நேற்று வார்டில் உங்கள் கட்டிலைத் தாண்டிப் போய் உங்களைத் தேடினேன். முடி கொட்டிய அந்த முகம் உங்களுடையது என்று தெரியவில்லை. நீங்களும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தீர்கள், கூப்பிடவில்லை.

டாக்டரிடம் எத்தனை மாதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாளை வருவேன். வாசலில் என்னைக் கண்டதும் கூப்பிடுங்கள். குரல் இன்னும் உங்களுடையதுதான்.

உங்கள்
‘ஏய்’