அண்ணன் வைத்த பட்டன்

9 செப்டம்பர் 2024, திங்கள்

இன்றும் ஒருவன் என் எதிரே சாவகாசமாக நின்றான். நான் சுட்ட குண்டுகள் எல்லாம் அவன் பின்னால் இருந்த சுவரில் போய்ப் பட்டன. அவன் நிதானமாகத் திரும்பி, என்னைச் சுட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனான். பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து பாதி செகந்திராபாத்துக்குப் பார்வை சோதிக்கிறவள் நான். எனக்கே குறி தப்புகிறது. மானம் போகிறது.

மத்தியானம் போனில் இந்த விளையாட்டின் நண்பர் பட்டியலில் யோகேஷ் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது, ஆன்லைனில் இருக்கிறான் என்று. கொஞ்ச நேரம்தான். அப்புறம் மறைந்துவிட்டது.

அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. சாஹித்யாவைக் கட்டிக்கொண்டான். தெலுங்குப் பெண், வேறு சாதி. "இனிமே அவன் பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. அம்மாவும் எடுப்பதில்லை. அண்ணன் நம்பரை மாற்றிக்கொண்டான். எனக்கும் தரவில்லை. அப்பாகூடத்தானே சண்டை, நான் உன்னை என்னடா பண்ணேன்? ஆனால் இந்த விளையாட்டில் மட்டும் என்னை நண்பர் பட்டியலிலிருந்து தூக்கவில்லை. மறந்துவிட்டானா, வேண்டுமென்றே விட்டுவைத்தானா? தெரியவில்லை.

12 செப்டம்பர்

பச்சைப் புள்ளி இருக்கும்போதே, "அண்ணா, நான்தான், கொசு" என்று எழுதி அனுப்பினேன். கொசு அவன் எனக்கு வைத்த பெயர். விளையாட்டிலும் என் பெயர் அதுதான். பதில் இல்லை.

சேர்ந்து ஆட அழைப்பு அனுப்பினேன். ரேங்க் வித்தியாசம் அதிகம், முடியாது என்று திரை சொன்னது. அவன் டயமண்ட், நான் சில்வர். ரேங்க் இல்லாத ஆட்டத்துக்கு அவன் எப்போதும் வரமாட்டான், அதெல்லாம் குழந்தைகள் ஆடுவது என்பான்.

சரி. ஏறுகிறேன். இந்த சீசன் தீபாவளி வரை இருக்கிறது. குறி சரியானால் ஏறலாம், ஏறினால் கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவானா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

17 செப்டம்பர்

கடைக்கு லீவு. ஊரில் உள்ள பிள்ளையார்கள் எல்லாம் கரைய ஹுசைன் சாகர் ஏரிக்குப் போகிறார்கள், நான் ட்ரெயினிங் கிரவுண்டில் அட்டை பொம்மைகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

24 செப்டம்பர்

அண்ணன் சொன்னதை எல்லாம் ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். "ஆளைத் துரத்தாத. தலை எங்க வருமோ, அங்க முன்னாடியே குறியை வெச்சுக்கிட்டு நட." துப்பாக்கி மேலே எகிறும்போது விரலைக் கீழே இழுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். விரல் அசைவுக்குக் குறி எவ்வளவு நகர வேண்டும் என்கிற சென்சிட்டிவிட்டியை அடிக்கடி மாற்றக் கூடாது, கைக்குப் பழக வேண்டும்.

கட்டைவிரல் வேர்த்தால் பூஜை அலமாரி விபூதி. அவன் கண்டுபிடிப்பு அது. தினமும் சாயங்காலம் கிண்ணத்தில் கை விடுகிறானே, பிள்ளைக்கு பக்தி வந்துவிட்டது என்று அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டாள்!

நான் ஆடப் பழகியதே அவன் போனில்தான். பிறகு எனக்குப் போன் வாங்கியபோது, தன் செட்டிங் முழுவதையும் அப்படியே இதில் ஏற்றிக் கொடுத்தான். அவன் வைத்த இடத்தில்தான் எல்லாப் பட்டன்களும் இருக்கின்றன. நான் ஒன்றையும் நகர்த்தவில்லை. இன்று விபூதியும் பூசிக்கொண்டு ஆடினேன். ஒன்பது ஆட்டம், எல்லாம் தோல்வி.

1 அக்டோபர்

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். நான் கூட்டினால் அவரும் கூட்டுகிறார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நிற்கிற மனுஷனுக்கு இதுதான் தொந்தரவாம். எனக்குத் தெரியும், அது துப்பாக்கிச் சத்தம் இல்லை. அண்ணன் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து ஆடிய சத்தம்.

8 அக்டோபர்

கடையில் கூட்டம் இல்லை. கூட வேலை பார்க்கிற கிரிஜா சாப்பாட்டு டப்பாவோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏ பானு, என்னடி இது, எல்லாம் தலைகீழா இருக்கு? ஃபயர் பட்டன் லெஃப்ட்ல இருக்கு, நடக்கிறது ரைட்ல இருக்கு. நீ லெஃப்ட் ஹேண்டா?"

"இல்லையே. எல்லாருக்கும் இப்படித்தான?"

தன் போனை எடுத்துக் காட்டினாள். அவளுடையதில் எல்லாம் எதிர்ப்பக்கம்.

அண்ணன் இடக்கைக்காரன். எல்லாம் இடது கைதான். சாப்பிடுவது மட்டும் வலது கை, அது அப்பா அடித்து மாற்றியது. இத்தனை வருஷமும் நான் அவன் கையால் சுட்டுக்கொண்டிருக்கிறேன்! வேறு யார் திரையையும் எட்டிப் பார்த்ததில்லை. விளையாட்டே இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கிரிஜா சிரித்த சிரிப்பில், கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"மாத்துடி."

"நக்கோ" என்றேன், வேண்டாம் என்று.

"கைக்கு?" என்றாள் அவளும் இந்த ஊர் ஹிந்தியில், ஏனாம் என்று.

போனை டிராயரில் போட்டுவிட்டுப் பெரியவரின் கண்ணாடியைச் சரிசெய்யப் போனேன்.

9 அக்டோபர்

மாற்றினால் அவன் கை பட்டது என்று என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. மாற்றாவிட்டால் அவன் பக்கத்தில் போய் நிற்கவே முடியாது. என்ன கஷ்டம்டா இது. நீ இருந்தா உங்கிட்டயே கேட்டிருப்பேன்.

10 அக்டோபர்

மாற்றிவிட்டேன். பட்டனுக்காக அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். நல்லவேளை, அம்மா பதுகம்மா பூப் பண்டிகை பார்க்கக் கோயில் தெருவுக்குப் போயிருந்தாள்.

15 அக்டோபர்

வலது கட்டைவிரல் என்ன சொல்கிறேனோ அதைச் செய்கிறது! வாசல் ஓரத்தில் தலை உயரத்தில் குறியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவன் எட்டிப் பார்த்தான். ஒரே குண்டு. நான் கத்தியதில் அம்மா பால் வைத்த அடுப்பை விட்டு ஓடி வந்தாள். கோல்டுக்கு வந்துவிட்டேன். யாரிடம் சொல்வது? சொல்ல ஒரே ஒருவன்தான் இருக்கிறான்.

26 அக்டோபர், சனி

பிளாட்டினம். டயமண்டுக்கு ஒரு படிதான் கீழே, இனி திரை தடுக்காது. நாளை மத்தியானம் கூப்பிடுகிறேன்.

27 அக்டோபர், ஞாயிறு

போனை இப்போதுதான் கீழே வைத்தேன். எழுதிவிடுகிறேன்.

பச்சைப் புள்ளி வந்தது. அழைத்தேன். ஏற்றுக்கொண்டுவிட்டான்! அவன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆட்டம் தொடங்கியது. எதிரே ஒருவன் சாவகாசமாக நின்றான். அண்ணன் சுட்டான். எல்லாம் சுவரில். அவன் மேல் ஒன்றும் படவில்லை.

டயமண்ட் இப்படிச் சுடாது. இப்படிச் சுட்டது நான்தான், போன மாதம்.

மைக்கைப் போட்டு "அண்ணா?" என்றேன். பிறகு ஒரு பெண் குரல், தெலுங்கில்: "எவரண்டி?" யாருங்க என்று.

சாஹித்யா. அவள் குரலை முதல்முறை கேட்கிறேன். நான் அவன் தங்கை என்றதும் கடகடவென்று எல்லாம் சொன்னாள். அவர்கள் பாலாநகரில் இருக்கிறார்களாம். இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்! ஆனால் அண்ணன் அங்கே இல்லை. ஆகஸ்டிலேயே கம்பெனி அவனைக் குஜராத்தில் ஒரு சைட்டுக்கு அனுப்பிவிட்டது. உள்ளே கேமரா போன் கொண்டுபோக விடமாட்டார்களாம். ஒரு பட்டன் போனை வாங்கிக்கொண்டு, தன் போனை இவளிடம் விட்டுப் போயிருக்கிறான். தினமும் ஒரு ஆட்டமாவது ஆடு, ரேங்க் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு.

நான் அனுப்பிய செய்தி? அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. யாரோ என்று விட்டுவிட்டாளாம். இத்தனை நாள் நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய பச்சைப் புள்ளி இவள்தான். சிரிப்பதா, அழுவதா?

"அவர் எவ்வளவோ ஏற்றி வைத்தார், நான் தினமும் செத்துச் செத்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். திட்டுவார்" என்று அழுகிற மாதிரி சொன்னாள்.

"ஃபயர் பட்டன் எந்தப் பக்கம் இருக்கு?" என்று தெலுங்கிலேயே கேட்டேன்.

"எடம பக்க." இடது பக்கம்.

"நீங்க எந்தக் கையால எழுதுவீங்க?"

வலது கையாம். செட்டிங்கில் எங்கே போய் எதை நகர்த்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்தில் ஒருவனைச் சுட்டே விட்டாள். அங்கே அவள் கத்தினாள், இங்கே நான் கத்தினேன்.

கடைசியில் கேட்டாள், "நீங்க பேசினதை அவர்கிட்ட சொல்லட்டுமா?" வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால் இதுவும் போய்விடும். எனக்கு இதுவாவது வேண்டும்.

12 நவம்பர்

அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இன்று நடு ஆட்டத்தில், நான்கு பேர் எங்களைச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருக்கும்போது, மோர்க்குழம்பில் அரிசி அரைத்து விடுவீர்களா, பருப்பா என்று கேட்கிறாள். அவன் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவானாம். எங்களைப் பற்றிக் கேட்பானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "ரெண்டும் போடணும் அண்ணி" என்றேன். அதற்குள் இருவரும் செத்துவிட்டோம்.

22 டிசம்பர்

போகிக்கு அண்ணன் லீவில் வருகிறானாம். சந்தோஷம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பயம்தான். வந்தால் போனை வாங்கிக்கொள்வான். அண்ணியும் போய்விடுவாள், புள்ளியும் போய்விடும்.

13 ஜனவரி 2025, போகி

வந்திருப்பான். புள்ளி இல்லை.

14 ஜனவரி, பொங்கல்

சாயங்காலம் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையில் இருந்தாள். புள்ளி வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆட்டம் ஆடும் நேரம். பிறகு செய்தி வந்தது, தமிழில்:

"ஏய் கொசு. ஆடின லிஸ்ட் முழுக்க உன் பேர்தான் இருக்கு. என் ஃபயர் பட்டனைத் தூக்கி ரைட்ல வெச்சது நீதான? முதல் ஆட்டத்துலயே செத்துட்டேன்."

பழையபடி மாற்றி வைக்க அண்ணி மறந்துவிட்டிருக்கிறாள்!

வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. அப்பா திரும்பினார்.

"யாருடி?"

பொய் சொல்லியிருக்கலாம். கிரிஜா என்று சொல்லியிருக்கலாம்.

"யோகேஷ் அண்ணன்பா" என்றேன்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் அழைப்பு வந்தது, ஏற்றுக்கொண்டேன். ஆட்டம் தொடங்கி, துப்பாக்கிச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அதற்கு நடுவே அவன் குரல்: "மைக் போட்டிருக்கியா? பானு? கேக்குதா?"

அப்பா ரிமோட்டை எடுத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.