டப்பாவில் பத்துப் பேரீச்சங்கொட்டை

தூஸ், 26 மார்ச் 1984
திங்கள் இரவு

முன்ஜி காக்காவுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள். அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன், காட்டாதீர்கள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் லியோன் விடுதியில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாக வாசிப்போம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இந்த உறையில் இரண்டு தாள் இருக்கும். முதல் தாளை எல்லோருக்கும் வாசியுங்கள், அது இன்று மத்தியானம் வாப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இதைத் தனியாக வைத்து வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஹாஜி ஸுவாயியின் அக்கா மகன் உங்கள் அறையில்தான் படுக்கிறான். அவன் கண்ணில் இது பட்டால் ஒரே மாதத்தில் ஹாஜியின் காதுக்குப் போய்விடும், பிறகு அவர் மகளோடு உங்கள் நிக்காஹ்வும் இல்லை, ஷஹ்பாவும் இல்லை.

இது உம்மாவின் கடிதம், கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. சாயங்காலம் ரொட்டி சுடும்போது என்னை அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து என்னென்ன எழுதவேண்டும் என்று சொன்னாள், நான் மூன்று தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுந்திருக்க விட்டாள். உம்மாவின் ஸலாம் இப்படி: "அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் வாப்பாவும் உன் தங்கச்சியும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம். நீயும் விட்டுக்கிட்டிருப்பேன்னு நெனைக்கிறேன். அதுக்கு மேல நலம் கேக்க இன்னைக்கு எனக்கு மனசு இல்ல." இதை அப்படியே எழுதவா என்று கேட்டேன். "ஒரு எழுத்துகூடக் குறையக் கூடாது, நான் எழுதப் படிக்கத் தெரியாதவதான், ஆனா அவன் திரும்ப எழுதுற கடிதத்துல கண்டுபிடிச்சிடுவேன்" என்றாள்.

நான் தானிய அறையில் இருக்கிறேன். பத்து நாளாக உங்கள் வேட்டைநாய் ஷஹ்பாவும் நானும் இங்கேதான் படுக்கிறோம். அவளுக்குப் பருவம் வந்திருக்கிறது, வாப்பாதான் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காவல் படு என்று சொல்லிவிட்டார். விளக்குத் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். வெளியே பக்கத்து வீட்டு அம்மார் சாச்சாவின் வெள்ளைக் காவல் நாய் கதவை நகத்தால் பிராண்டிக்கொண்டே இருக்கிறது, அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. ஷஹ்பா ஆட்டுத்தோல் மேல் படுத்திருக்கிறாள். நான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அவள் தலையைத் தூக்குவதில்லை, உம்மா சோறு கொண்டுவந்தாலும் தூக்குவதில்லை. உங்களுக்கும் வாப்பாவுக்கும் மட்டும்தான் அவள் எழுந்து வாலை ஆட்டுவாள், நீங்கள் போன பிறகு வாப்பாவுக்கு மட்டும்.

எனக்குப் பயமாக இருப்பதற்குக் காரணம் சாச்சா. நடுச்சுவர்த் தகராறுக்குப் பிறகு ஆறு மாதமாகத் தன் அண்ணனான வாப்பாவோடு பேசாதவர் இன்று இஷா தொழுகை முடிந்ததும் தானாக வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். உம்மா இரண்டாவது தடவை தேநீர் கொண்டுபோய்விட்டாள். பேசுவது எனக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று வரிசையாக எழுதுகிறேன். வசந்த விடுமுறைக்குப் பாலைக்குப் போய்க் கூடாரம் போடுவதை வாப்பா உங்களுக்காகத்தான் தள்ளித் தள்ளி வைத்தார். பிப்ரவரியில் வருகிறேன் என்றீர்கள், கூடாரத்தைத் தைத்து வைத்தார். மார்ச் முதல் வாரம் என்றீர்கள், பள்ளியில் எனக்கு விடுப்புக் கேட்டு வைத்தார். அப்புறம் கோடையில் வருகிறேன் என்று தந்தி வந்தது. வாப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மார்ச் முதல் வாரத்திலேயே போயிருந்தால் ஷஹ்பாவுக்குப் பருவம் வருவதற்குள் திரும்பி வந்திருப்போம், பொலிக்கு விடுவதை அடுத்த வருஷம் பார்த்திருக்கலாம். உம்மா சொல்கிறாள்: "உன் லீவு மூணு தடவை மாறுச்சு. நாய்க்கு வரவேண்டியது வர வேண்டிய நேரத்துல வந்துடுச்சு. அது உன் முதலாளிகிட்டக் கேட்டுக்கிட்டா வரும்? பனியில தொப்பி போடாம நின்னு போட்டோ எடுத்து அனுப்பத் தெரியுது, வர்றேன்னு சொன்ன நாளைக்கு வரத் தெரியல. யாருக்குக் காட்ட அந்தப் போட்டோ? காதுல குளிர் ஏறினா உன் பிரெஞ்சு முதலாளியா வந்து எண்ணெய் காய்ச்சி ஊத்துவான்?"

ஷஹ்பாவைக் குட்டியாக இருந்தபோது கொடுத்தது ஹாஜி ஸுவாயி. அவளுடைய முதல் ஈற்றில் ஒரு குட்டி அவருடைய கூடாரத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நீங்கள் வராவிட்டாலும் பருவத்தின் பதினோராம் நாள் ஹாஜியின் கூடாரத்துக்குக் கொண்டுபோய், அவர் அல்ஜீரியப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த ஸஹ்ம் என்ற ஆண் நாயோடு சேர்ப்பது என்று வாப்பா பேசி முடித்துவிட்டார். மகன் வராத குறையை அந்தக் குட்டி தீர்க்கும் என்று நினைக்கிறார். நாள் தவறக்கூடாது என்று தினமும் காலையில் ஒரு பேரீச்சம்பழம் தின்று கொட்டையைத் தக்காளி டப்பாவில் போடுகிறார். இன்றோடு பத்துக் கொட்டை. நாளை விடியற்காலையில் புறப்படுகிறோம். மூட்டை முடிச்செல்லாம் மாலையிலேயே கட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

ஆனால் கொட்டைக் கணக்கு தவறு காக்கா. தவறு என்னால். ஆட்டுத்தோலில் இரத்தத் துளியை நான் முதலில் பார்த்தது பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. போய் வாப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது? நான் சின்னப் பிள்ளையாக இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். இப்போது அந்த வார்த்தையை வாப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, உம்மாவிடம் சொன்னால் அவள் வாப்பாவிடம் போய் "ஸல்ஹா பார்த்தாள்" என்று சொல்வாளே என்று அதற்கும் கூசியது. ஷஹ்பா தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டாள், நான் தோலைக் கழுவிக் காயவைத்தேன். நாலு நாள் அப்படியே போய்விட்டது. சனிக்கிழமை உம்மாவே பார்த்துவிட்டுக் கேட்டபோது அழுதுவிட்டேன். உம்மா என்னைக் காப்பாற்றுவதற்காக வாப்பாவிடம் "இன்னைக்குத்தான் தொடங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்தான்.

அதனால் போன வெள்ளிக்கிழமை டப்பாவில் ஏழு கொட்டை இருந்தது, உண்மையில் அது பதினோராம் நாள். ஏழாம் நாளில் அவளே எந்த நாயையும் கிட்ட விடமாட்டாள், பயமில்லை என்று சொல்லிவிட்டு வாப்பா ஜும்ஆ தொழுகைக்குப் போனார். நான் அவளை முற்றத்துக்கு வெளிக்குப் போகக் கூட்டிவந்தேன். வெள்ளை நாய் இடிந்த சுவர்ப் பக்கமாக உள்ளே குதித்தது. அவள் உறுமுவாள் என்று நினைத்தேன். உறுமவில்லை, வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். நான் கத்தினேன், தண்ணீர் ஊற்றினேன், துடைப்பத்தால் அடித்தேன். எழுதக் கூசுகிறது, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. உம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு என் கன்னத்தில் ஒன்று வைத்தாள், அடுத்து தன் கன்னத்திலும் அடித்துக்கொண்டாள்.

இனி ஸஹ்மோடு சேர்த்தாலும் என்ன பிறக்கும் என்று சொல்ல முடியாது. நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் குட்டி போடுவாள். பருத்த தலையும் வெள்ளை மயிரும் சுருட்டின வாலுமாக ஒன்று வெளியே வந்தாலும் போதும். தான் கொடுத்த இரத்தத்தைத் தெரு நாய்க்குக் கொடுத்துவிட்டுத் தன் நாயின் பெயரைச் சொல்லி ஏமாற்றினோம் என்று ஹாஜி சொல்வார். வாப்பா என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு தடவை கெட்டால் அந்த வயிறு கடைசிவரைக்கும் கெட்டதுதான் என்பார். முன்பு இதேபோல் தெரு நாயோடு சேர்ந்துவிட்ட பர்க்காவை என்ன செய்தார்? எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊருக்கு வெளியே உப்புத் தரவை வெளியைத் தாண்டி அவளைக் கூட்டிக்கொண்டு போனார், அஸர் தொழுகைக்குத் திரும்பி வரும்போது கையில் கயிறு மட்டும் இருந்தது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார், ஆனால் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து இந்த அறையில் ஆணியில் மாட்டினார். இன்றுவரை வேறு எதற்கும் அதைத் தொட விட்டதில்லை, இன்று மூட்டை கட்டக் கயிறு போதாமல் எதிர்வீட்டில் இரவல் வாங்கினாரே தவிர இதை எடுக்கவில்லை. இப்போதும் என் தலைக்கு மேல் தொங்குகிறது. அன்றைக்கு நீங்கள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு இனி இந்த வீட்டில் இது நடக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்தீர்கள். சத்தியம் செய்தவர் லியோனில் இருக்கிறீர்கள். கயிற்றுக்குக் கீழே நான் இருக்கிறேன். இது உம்மா சொன்னதல்ல, நானாக எழுதுகிறேன்.

சாச்சி எல்லாவற்றையும் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். இன்று காலை வாப்பா ஆசையாகக் கேட்டார் என்று உம்மா ஷஹ்பாவின் பாதங்களுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். சாச்சி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன லாத்தா, இளவரசிக்கு மருதாணியெல்லாம் பலமா இருக்கு. மாப்பிள்ளை வீடு ரொம்பத் தூரமோ? நான் என்னமோ சுவர் தாண்டுற தூரம்னு நெனச்சேன்" என்றாள். உம்மா விடவில்லை, "நாய்க்கு ஒரு முழம் கயிறு வாங்கிக் கட்ட வக்கில்லாத வீட்டுக்காரி, எங்க வீட்டு மருதாணியப் பத்திப் பேசாத" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் கைபட்டு, கஸ்கூஸுக்கு அளந்து வைத்த ரவையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. ராத்திரி சாச்சா வந்துவிட்டார்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான் என்று உம்மா சொல்கிறாள். இந்தத் தாள் கிடைத்த அன்றே வாப்பாவுக்குக் கடிதம் எழுதுங்கள். தந்தி வேண்டாம், தந்தி வந்தால் பள்ளிவாசல் முன்னால் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். ஷஹ்பா என் நாய், துணியில் ஆட்டுப்பால் நனைத்து ஊட்டி வளர்த்தவன் நான், அவளைக் காபெஸில் மாமா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், கோடையில் வந்து இங்கே கூட்டிப் போகிறேன் என்று எழுதுங்கள். மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டமும் மீனும்தான், குட்டியின் தலை பருத்திருக்கிறதா என்று பார்க்கமாட்டார். நீங்கள் கேட்டு வாப்பா எதையும் மறுத்ததில்லை, கூட்டிப் போகிறீர்களோ இல்லையோ எழுதுவதாவது எழுதுங்கள். உம்மா சொன்னது: "உன்கிட்டப் பணம் கேக்கல, துணி கேக்கல, என்னைப் பாக்க வான்னுகூடக் கேக்கல. ஒரு தாளு கேக்குறேன். அதையும் மூணு தடவை தள்ளிப் போட்டேன்னா உன் நிக்காஹ்வுக்கு நீயே பாத்திரம் கழுவிக்க." ஹாஜியின் மகள் பாவம், அவளுக்காகவும் எழுதவேண்டும் என்று அப்புறமாக மெதுவாகச் சொன்னாள்.

முன்னறையில் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது, அடங்கிவிட்டது. உம்மாவின் குரலும் ஒரு தடவை கேட்டது. அவள் ஆண்கள் பேசும்போது நடுவில் பேசமாட்டாளே.

உம்மா துஆவையும் சொல்லியே அனுப்பினாள், அதை விட்டுவிட்டால் கடிதம் சேராது என்கிறாள்: "அல்லாஹ் உன் காலடிய வழுக்காம வைக்கட்டும், கட்டடச் சாரத்துல ஏறும்போது பிஸ்மில்லாஹ் சொல்லு, ராத்திரி ஈரத் தலையோட படுக்காத, உன் மேல எனக்கு இருக்குற கோபத்த அவன் உன் கணக்குல எழுதாம இருக்கட்டும்." மறக்காதீர்கள், மே மாதம் இருபதாம் தேதிக்கு முன்னால் ஷஹ்பா காபெஸில் இருக்கவேண்டும். உறையை ஒட்டுவது என் வேலை, நாளை போகும் வழியில் தபால் பெட்டியில் போட வாப்பாவே என்னிடம் கொடுத்திருக்கிறார், அதனால் இதை உள்ளே மடித்து வைப்பதில் பயமில்லை. அவர் சொன்ன தாளில் ஷஹ்பா நலம், நாளை பதினோராம் நாள், இன்ஷா அல்லாஹ் முதல் குட்டி ஹாஜிக்கு என்று இருக்கும். அந்த வரியைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தார் என்று அதில் எழுத நினைத்தேன், எழுதவில்லை.

வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சாச்சா போய்விட்டார். வெள்ளை நாயும் அவர் பின்னால் போயிருக்கவேண்டும், பிராண்டல் நின்றுவிட்டது. இனி நிம்மதியாக உம்மாவின் பெயரையும் என் பெயரையும் கீழே போட்டு

தட்டுகிறார்கள். பிராண்டல் இல்லை, தட்டுகிறார்கள். ஷஹ்பா எழுந்துவிட்டாள். வாலை ஆட்டுகிறாள். "ஸல்ஹா, ஆணியில இருக்குற கயிற எடுத்துக்கிட்டு வந்து கதவத் திற புள்ள" என்று